மத்தியானத்தில மட்டும் வாற நீலத் திரை: ட்ரைவரா, றாமா?

சந்திக்கடை (ஒட்டுசுட்டான்)
திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒட்டுசுட்டானில சின்னதா ஒரு கடை வைச்சிருக்கிறன். போட்டோக்கொப்பி, ரைப்பிங், ஸ்கானிங், லமினேற்றிங். பிரதேச செயலகத்துக்கு வாற சனம்தான் கூடுதலா என்னட்டை வாறது. கடையில இருக்கிறது ஒரேயொரு கொம்பியூட்டர். அது ஒண்டரை மாதமா என்னை ஒழுங்கா வேலை செய்ய விடுதில்லை.

வேலை நடந்துகொண்டிருக்கேக்க திடீரெண்டு திரை முழுக்க நீலமாகுது. ஒரு சோக முகமும் ஆங்கிலத்தில கொஞ்ச எழுத்தும் வருது. வாசிச்சு முடிக்க முதல் தானா ரீஸ்டார்ட் ஆகிடுது. சில நாள் ஒருக்கா, சில நாள் மூண்டு தரம். ஒரு நாளும் வராமலும் விடும். விடிய எட்டு மணிக்குக் கடை திறந்தா பதினொண்டு வரைக்கும் பிரச்சினை இல்லை. மத்தியானம் திரும்பினாப் பிறகுதான் கூட. இது எனக்கு அப்பிடித் தெரியுதோ, உண்மையிலேயே அப்பிடியோ எண்டு சொல்லத் தெரியேல்லை, ஏனெண்டா சனம் கூடுறதும் அந்த நேரந்தான்.

சாமானின்ர விபரம்: வெளிநாட்டில ஏதோ கந்தோரில பாவிச்சு வந்த மேசைக் கொம்பியூட்டர், நான் வாங்கி நாலு வருசம். இன்டெல் ஐ5, 4ஆம் தலைமுறை. வரேக்க 4 ஜிபி றாம் (வேலை நடக்கேக்க கொம்பியூட்டர் பாவிக்கிற தற்காலிக நினைவகம்) இருந்தது. போன ஐப்பசியில பாவிச்ச 4 ஜிபி ஒண்டு வாங்கி மற்ற இடத்தில பூட்டினனான். எஸ்.எஸ்.டி. 240 ஜிபி. விண்டோஸ் 10. இன்ரர்நெற்றுக்கு யூ.எஸ்.பி. வைஃபை டொங்கிள். தமிழ் பாமினியில அடிக்கிறபடியா அதுக்கு ஒரு கீபோட் மென்பொருளும் கிடக்கு.

இதுவரைக்கும் செய்தது: ரண்டு கிழமைக்கு முதல் ஒரு கடையில குடுத்து ஃபோர்மற் பண்ணி எடுத்தனான். ரண்டு நாள் நல்லா ஓடினது. மூண்டாம் நாள் திரும்பத் தொடங்கீற்றுது. வைரஸ் ஸ்கான் போட்டுப் பாத்தன், ஒண்டும் இல்லை. யூ.பி.எஸ். புதுசு, அதால கரண்ட் எண்டு நினைக்கேல்லை.

போன வியாழக்கிழமை முத்தையன்கட்டுப் பக்கம் இருந்து ஒரு அம்மா வந்தவ. மகனைப் பற்றி ஒரு கடிதம் அடிக்க வேணும். 2009இல இருந்து தேடுறா. அவ சொல்லச் சொல்ல நான் ரைப் பண்ணிக்கொண்டிருந்தன். ரண்டாம் பக்கம் முடியிற நேரம் திரை நீலமாச்சு. திரும்ப ஓன் பண்ணிப் பாத்தா முதல் பக்கத்தில பாதிதான் மிஞ்சிக் கிடந்தது. அம்மா ஒண்டும் பேசேல்லை. தண்ணி குடிச்சிட்டு முதல்ல இருந்து திரும்பவும் சொன்னா. அந்தக் கதையை ஒரே நாளில ரண்டு தரம் அவவின்ர வாயால சொல்ல வைச்சிட்டன் எண்டது எனக்கு இன்னும் நெஞ்சுக்குள்ள கிடக்கு.

இதைவிடப் பெரிய பயம் ஒண்டும் இருக்கு. சனத்தின்ர காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஸ்கான் பண்ணி அவையளுக்கு ஒரு கொப்பியும், என்னட்டை ஒரு கொப்பியுமா வைச்சிருக்கிறன். அவையள் கேட்டுத்தான் வைக்கிறனான். ஒருக்கா எல்லாத்தையும் துலைச்ச சனம் இது. அந்தக் கோப்புகளுக்கு ஏதும் நடக்குமோ?

புது மெசின் வாங்க இப்ப வழியில்லை. எந்தச் சாமான் பிழை எண்டு நானே கண்டுபிடிக்க ஏலுமோ? படிப்படியாச் சொன்னா செய்வன்.


பரந்தன் வேர்க்‌ஷொப்
திங்கள், இரவு 10.25

தங்கச்சி, வடிவா எழுதியிருக்கிறீங்கள். இவ்வளவு விபரம் தந்தால்தான் ஆராவது உதவி செய்யலாம்.

முதல் விசயம். திரை நீலமாகி எழுத்து வருது எண்டா அது கூடுதலா கரண்ட் பிரச்சினையா இருக்காது. கரண்டோ பவர் சப்ளையோ பிழைச்சா கனதரம் ஒரு எழுத்தும் வராது, பொத்தெண்டு நிண்டிடும். நீலத் திரை எண்டது விண்டோஸ் தானாத் தெரிஞ்சு நிக்கிறது. உள்ளுக்கு ஏதோ ஒரு கணக்குப் பிழைச்சதைக் கண்டு, இதுக்கு மேல ஓடினா கோப்புகள் பழுதாகும் எண்டு தன்னை நிப்பாட்டுது. நிக்க முதல் என்ன நடந்தது எண்டு ஒரு குறிப்பும் எழுதி வைக்கும். அந்தக் குறிப்பைத்தான் நாங்கள் முதல் வாசிக்க வேணும். வாசிக்காமல் ஃபோர்மற் பண்ணுறது, வருத்தம் என்னெண்டு கேளாமல் மருந்து குடுக்கிற மாதிரி.

ரண்டு வேலை செய்யுங்கோ.

ஒண்டு, தானா ரீஸ்டார்ட் ஆகிறதை நிப்பாட்டுங்கோ. ‘திஸ் பிசி’யில வலது பக்கத்தால அமத்தி புரொப்பட்டீஸ், அதில அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ், பிறகு ஸ்டார்ட்அப் அண்ட் ரிக்கவரி. அதுக்குள்ள ‘ஓட்டோமற்றிக்கலி ரீஸ்டார்ட்’ எண்டதில இருக்கிற சரி அடையாளத்தை எடுத்து விடுங்கோ. அதே இடத்தில கீழ ‘ஸ்மோல் மெமரி டம்ப்’ எண்டதைத் தெரிவு செய்யுங்கோ. இனி நீலத் திரை வந்தா அப்பிடியே நிக்கும். போனால ஒரு படம் எடுத்து வையுங்கோ. ‘ஸ்டொப் கோட்’ எண்டு இருக்கிற வரிதான் முக்கியம்.

ரண்டு, சி டிரைவில விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ‘மினிடம்ப்’ எண்டு ஒரு ஃபோல்டர் இருக்கும். நான் சொன்ன குறிப்பு அதுக்குள்ளதான் கோப்பா விழும், கிடக்கோ பாருங்கோ. கிடந்தா ‘புளூஸ்கிறீன்வியூ’ எண்ட சின்ன மென்பொருளை இறக்கித் திறவுங்கோ. நிர்சொஃப்ற் எண்ட இடத்தில இலவசமாக் கிடைக்கும். ஒவ்வொரு தரமும் எந்தக் கோட் வந்தது, எந்த ட்ரைவர் (ஒரு சாமானை விண்டோசோட சேத்து ஓட வைக்கிற மென்பொருள்) கோப்பில நிண்டது எண்டு வரிசையாக் காட்டும். அதை இஞ்ச எழுதுங்கோ.

நான் பாக்கிறது ஒண்டைத்தான். ஒவ்வொரு தரமும் ஒரே கோட், ஒரே கோப்பு எண்டா ட்ரைவர். ஒவ்வொரு தரமும் வேற வேற கோட், வேற வேற கோப்பு எண்டா றாமைத்தான் முதல் சந்தேகிப்பன். நூற்றுக்கு நூறு சரியெண்டு இல்லை, ஆனா தொடங்கிறதுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.


மல்லாவி ரவி
செவ்வாய், விடிய 6.15

அக்கா, எனக்கும் உப்பிடித்தான் வந்தது. பாமினி கீபோட் மென்பொருளைக் கழட்டிப் பாருங்கோ. அதோட எல்லா ட்ரைவரையும் தானா அப்டேற் பண்ணுற மென்பொருள்கள் இருக்கு, ஒண்டைப் போட்டு ஓட விட்டா எல்லாம் புதுசாகிடும்.


அறிவியல்நகர்
செவ்வாய், விடிய 7.50

அக்கா, நான் கிளிநொச்சியில பொறியியல் படிக்கிறன். ரவி அண்ணா நல்ல மனசோடதான் சொல்லுறார், ஆனா அந்த ரண்டாவதைத் தயவுசெய்து செய்யாதேங்கோ.

தானா அப்டேற் பண்ணுற மென்பொருள்கள் உங்கட மதர்போட்டுக்குப் பொருத்தமில்லாத ட்ரைவரையும் ஏத்திப்போட்டுப் போகும். இப்ப ஒரு பிழை இருக்கு எண்டா பிறகு ஐஞ்சு இருக்கும். எது முதலாவது எண்டு தேடிப் பிடிக்க ஏலாது. ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்துங்கோ. மாத்தினதை ஒரு கொப்பியில திகதியோட எழுதுங்கோ.

கீபோட் மென்பொருளைப் பற்றி. சாதாரண மென்பொருள் ஒண்டு பிழைச்சா அது மட்டுந்தான் மூடுப்படும். வேர்ட் தொங்கினா வேர்ட் மட்டும் போகுது, கொம்பியூட்டர் போறதில்லைத்தானே. ட்ரைவர் அப்பிடி இல்லை. அது விண்டோசின்ர கருவுக்குள்ள, கேர்னல் எண்டு சொல்லுற இடத்தில நிண்டு வேலை செய்யிறது. அங்க ஒருத்தர் தன்ர பங்கில்லாத நினைவக இடத்தில கை வைச்சா முழு வீடும் நிக்க வேண்டி வரும். எழுத்தை மாத்திற மென்பொருள் கூடுதலா வெளியிலதான் நிக்குது. அதால அது கடைசிச் சந்தேகம்.

இன்னொண்டு. புளூஸ்கிறீன்வியூவில ‘என்டிஓஎஸ் கேர்னல்’ எண்டு கோப்புப் பேர் வந்தா விண்டோஸ் பழுது எண்டு நினைக்காதேங்கோ. ஆர் பிழை விட்டாலும் விழுகிற இடம் கனதரம் அதுதான். றோட்டில ஆக்சிடென்ட் நடந்த இடத்தைக் காட்டுது, ஆக்சிடென்ட் செய்த ஆளை இல்லை.


சந்திக்கடை (ஒட்டுசுட்டான்)
புதன், இரவு 8.30

அண்ணை, தம்பி, ரண்டு பேருக்கும் நன்றி. மினிடம்ப் ஃபோல்டரில ஏழு கோப்பு கிடந்தது. எல்லாம் ஃபோர்மற் பண்ணினாப் பிறகு வந்தது. புளூஸ்கிறீன்வியூ காட்டினதை அப்பிடியே எழுதுறன்.

நாலு தரம் ‘ட்ரைவர் ஐஆர்கியூஎல் நொட் லெஸ் ஓர் ஈக்குவல்’. நாலிலயும் ஒரே கோப்பு. அந்தப் பேரைக் கூகிளில போட்டுப் பாத்தன், வைஃபை டொங்கிளின்ர ட்ரைவர்.

ஒருக்கா ‘மெமரி மனேஜ்மென்ட்’. ஒருக்கா ‘பேஜ் ஃபோல்ற் இன் நொன்பேஜ்ட் ஏரியா’. ஒருக்கா ‘சிஸ்டம் சேர்விஸ் எக்செப்ஷன்’. இந்த மூண்டிலயும் ரண்டில கேர்னல் எண்டு இருக்கு, ஒண்டில கிராபிக்ஸ் ட்ரைவர்.

நேரத்தையும் பாத்தன். வைஃபை சம்பந்தப்பட்ட நாலும் எந்த நேரமும் வந்திருக்கு, விடிய ஒன்பது மணிக்கும் ஒண்டு. மற்ற மூண்டும் மத்தியானம் ஒண்டரைக்கும் மூண்டரைக்கும் இடையில. அப்ப மத்தியானம் எண்டு நான் நினைச்சது பொய்யில்லை, ஆனா பாதிதான் உண்மை. இப்ப நான் ட்ரைவர் எண்டு நினைக்கிறதோ, றாம் எண்டு நினைக்கிறதோ?


பரந்தன் வேர்க்‌ஷொப்
புதன், இரவு 9.05

தங்கச்சி, ரண்டும்.

ரண்டு வருத்தம் ஒரே உடம்பில வந்திருக்கு. அதுதான் ஃபோர்மற் பண்ணியும் போகேல்லை. டொங்கிளைக் குத்தின உடன விண்டோஸ் அதே ட்ரைவரைத் திரும்ப எடுத்துப் போட்டிருக்கும். றாம் எண்டா ஃபோர்மற்றால தீராது, அது சாமான்.

நேரத்தை எழுதிப் பாத்தது நல்ல வேலை. நான் கேக்க மறந்தது அது.

லேசானதை முதல்ல முடிப்பம். டொங்கிளைக் கழட்டி லாச்சிக்குள்ள போடுங்கோ. ரவுட்டர் கடைக்குள்ளதானே இருக்கு? ஒரு நெற்வேர்க் வயர் வாங்கி ரவுட்டரில இருந்து மதர்போட்டுக்கு நேரக் கொழுவுங்கோ. பிறகு டிவைஸ் மனேஜரில ‘வியூ’ எண்டதுக்குள்ள ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ குடுத்தா டொங்கிளின்ர பேர் மங்கலாத் தெரியும். அதை அன்இன்ஸ்டோல் பண்ணேக்க, ட்ரைவரையும் அழிக்கவோ எண்டு கேக்கிற பெட்டியில சரி போடுங்கோ. ட்ரைவர் வெரிஃபையர் எண்டு விண்டோசுக்குள்ளயே ஒரு சோதனை இருக்கு, ஆனா அது சந்தேகப்பட்ட ட்ரைவரை நெருக்கி வேணுமெண்டே விழுத்திப் பாக்கிறது. சில நேரம் விண்டோஸ் திறக்காமலே நிண்டிடும், சேஃப் மோட்டுக்குப் போய்த்தான் நிப்பாட்ட வேணும். உங்களுக்கு அது தேவையில்லை. நாலு தரம் ஒரே பேர் வந்திட்டுது, இனி என்ன சாட்சி.

அடுத்தது றாம். ‘மெம்ரெஸ்ற்86 பிளஸ்’ எண்ட றாம் சோதிக்கிற மென்பொருளை யூ.எஸ்.பி. பென்னில ஏத்தி, அதில இருந்து கொம்பியூட்டரைத் திறவுங்கோ. விண்டோஸ் இல்லாமலே ஓடும். விண்டோசுக்குள்ள இருக்கிற மெமரி டயக்னோஸ்டிக்கும் பரவாயில்லை, ஆனா அது சரியெண்டு சொன்னதை நம்பி நான் ஏமாந்திருக்கிறன். மெம்ரெஸ்றை இரவிரவா ஓட விடுங்கோ. குறைஞ்சது நாலு சுத்து. ஒரேயொரு சிவப்பு வரி வந்தாலும் றாமைச் சந்தேகிக்கத்தான் வேணும். கொஞ்சப் பிழை பரவாயில்லை எண்ட கதை இதில இல்லை.

ஒண்டைக் கவனியுங்கோ. றாம் பிழையோ இல்லையோ எண்டு முடிவாகும் வரைக்கும் அந்த மெசினில சனத்தின்ர பத்திரம் ஸ்கான் பண்ணாதேங்கோ. பிழையான றாம் கொம்பியூட்டரை நிப்பாட்டுறது மட்டுமில்லை, நிப்பாட்டாமலும் பழுதாக்கும். கோப்பு ஒண்டைச் சேவ் பண்ணேக்க அது றாமுக்குள்ளாலதான் போகுது. அதில ஒரு பிற் (ஒண்டோ சுழியமோ எண்ட ஆகச் சின்னத் துண்டு) மாறினா மாறினதுதான் டிஸ்கில விழும். ஆருக்கும் தெரியாது. இருக்கிறதை அழிக்காமல் வெளி ஹார்ட் டிஸ்கில ஒரு கொப்பி எடுத்து வையுங்கோ, பழைய கொப்பியிருந்தா அதுக்கு மேல எழுதாதேங்கோ.


சந்திக்கடை (ஒட்டுசுட்டான்)
சனி, இரவு 7.15

வயர் கொழுவி மூண்டு நாள். வைஃபை கோப்பின்ர பேரில ஒரு நீலத் திரையும் வரேல்லை.

வியாழன் இரவு கடையைப் பூட்டிற நேரம் மெம்ரெஸ்றைப் போட்டிட்டு வந்தன். விடிய வந்து பாத்தா ஆறு சுத்து ஓடியிருக்கு, ஒரு பிழையும் இல்லை. பச்சையா ‘பாஸ்’ எண்டு கிடந்தது. சந்தோசத்தில வெள்ளிக்கிழமை வேலையைத் தொடங்கினன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருது, நோட்டீஸ் அடிக்கச் சனம் நிண்டது.

ரண்டு மணி பத்துக்கு நீலத் திரை. ‘மெமரி மனேஜ்மென்ட்’. படம் எடுத்து வைச்சிருக்கிறன்.

சோதனை சரியெண்டு சொல்லுது, திரை றாம் எண்டு சொல்லுது. எதை நம்புறது?


ஓய்வுபெற்ற ஆசிரியர் (வவுனியா)
சனி, இரவு 8.40

பிள்ளை, நான் பாடசாலைக் கணினிக்கூடம் ஒன்றைப் பல வருடம் பார்த்தவன். உங்களுடைய இரண்டு சோதனையும் பொய் சொல்லவில்லை. வியாழன் இரவு உங்கள் கடை எவ்வளவு குளிர்ச்சியாக இருந்திருக்கும்? வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு எப்படி இருந்தது? உங்கள் கூரை என்ன, ஓடா, சீற்றா?

ராமுக்குள் இருக்கிற ஒவ்வொரு சிறு கலமும் ஒரு துளி மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் ஒன்றா சுழியமா என்பதை நினைவு வைத்திருக்கிறது. அந்தத் துளி தானாகவே ஒழுகும். ஓட்டை வாளியில் தண்ணீர் வைத்திருப்பது போல. அதனால் 64 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் வாசித்துத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். சூடு கூடினால் ஒழுக்கும் கூடும். நல்ல ராமுக்கு அதைத் தாங்கும் இடைவெளி இருக்கும். பலவீனமான கலம் ஒன்று இருந்தால் குளிரில் 64 மில்லிசெக்கன் தாக்குப்பிடிக்கும், சூட்டில் பிடிக்காது. அடுத்த நிரப்பு வருவதற்குள் வாளி வெறுமையாகிவிடும்.

எங்கள் ஆய்வுகூடத்திலும் இரவில் தேறிய ராம் சித்திரை வெயிலில் விழுந்ததைக் கண்டிருக்கிறேன். ஆகவே நோய் வருகிற நேரத்திலேயே சோதியுங்கள். மத்தியானம் ஒரு மணிக்குத் தொடங்குங்கள். கணினியை அது வழக்கமாக இருக்கிற அதே இடத்திலேயே வையுங்கள், மூடியைத் திறக்க வேண்டாம், மின்விசிறியைத் திருப்பிவிட வேண்டாம். பக்கத்தில் வழக்கமாக ஓடுகிற இயந்திரங்கள் ஓடட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு ராம் மட்டும். பிழை வந்தால் அதே ராமை மற்ற இடத்தில் போட்டுத் திரும்பச் சோதியுங்கள். ராமோடு பிழை நகர்ந்தால் ராம். இடத்தோடு பிழை நின்றால் மதர்போட். இதைச் செய்யாமல் புதிது வாங்கிவிடாதீர்கள்.

கழற்றும்போது பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். பெட்டியின் வெறும் உலோகத்தில் ஒரு தடவை கை வைத்துவிட்டு ராமின் ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். பொன்நிறப் பற்களில் கிறவல் புழுதி படிந்திருந்தால் சுத்தமான துணியில் ஐசோபுரொப்பைல் அற்ககோல் கொஞ்சம் தொட்டுத் துடையுங்கள். அழிறப்பரால் தேய்ப்பவர்கள் உண்டு. அது அந்த மெல்லிய முலாமையும் சேர்த்துத் தேய்க்கும், தூளும் உள்ளே விழும்.


அறிவியல்நகர்
சனி, இரவு 9.10

சேர், இதை வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்தன். நாங்கள் படிக்கேக்க இந்த 64 மில்லிசெக்கனை சோதனைக்குப் பாடமாக்கினது. 85 பாகை செல்சியசுக்கு மேல போனா நிரப்புற வேகத்தை இரட்டிப்பாக்க வேணும் எண்டும் படிச்சது. ஒட்டுசுட்டானில ஒரு போட்டோக்கொப்பிக் கடையோட அது சம்பந்தப்படும் எண்டு ஒருக்காலும் நினைச்சதில்லை.

அக்கா, எந்த றாம் எண்டு பாக்காமல் போன ஐப்பசியில வாங்கினதுதான் பிழை எண்டு முடிவு கட்டாதேங்கோ. ரண்டிலயும் பேப்பர்த் துண்டு ஒட்டி ‘பழசு’, ‘ஐப்பசி’ எண்டு எழுதி வையுங்கோ. கழட்டிப் பூட்டேக்க கட்டாயம் மாறுப்படும்.


சந்திக்கடை (ஒட்டுசுட்டான்)
செவ்வாய், இரவு 9.55

சேர், நீங்கள் கேட்ட கேள்விக்கு முதல் மறுமொழி. கூரை சீற். கீழ சீலிங் இல்லை. மத்தியானம் கடைக்குள்ள நிக்க ஏலாது, சனம் வேப்பமரத்துக்குக் கீழ நிண்டுதான் கூப்பிடச் சொல்லிக் கேக்கும்.

பக்கத்தில ஓடுற மெசின் எண்டு நீங்கள் எழுதினதை வாசிச்சிட்டுத்தான் எழும்பிப் போய்ப் பாத்தன். தை மாதம் பெரிய போட்டோக்கொப்பி மெசின் ஒண்டு எடுத்தனான். அதின்ர சூட்டுக் காத்து வெளிய வாற சாளரம் நேர கொம்பியூட்டர்ப் பெட்டியின்ர பக்கத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது. இடையில ஒரு சாண் கூட இல்லை. நாலு மாதமா ஒவ்வொரு கொப்பிக்கும் அந்தச் சூட்டை அதுக்குள்ள ஊதிக்கொண்டு இருந்திருக்கிறன். போன வருசம் இதே வெயிலுக்கு ஏன் ஒண்டும் வரேல்லை எண்டதும் அப்பதான் விளங்கினது.

ஞாயிறு கடை பூட்டு. ஆனாலும் போய்த் திறந்தன். தம்பி சொன்ன மாதிரி பேர் எழுதி ஒட்டினன். சேர் சொன்ன மாதிரி எதையும் நகர்த்தேல்லை, போட்டோக்கொப்பி மெசினிலயும் வெறும் தாள் போட்டு இடைக்கிடை ஓட விட்டன்.

ஞாயிறு, ஒண்டு பத்துக்கு, ‘ஐப்பசி’ மட்டும், முதலாம் இடம். மூண்டரை வரைக்கும் பிழை இல்லை.

திங்கள், ஒண்டு ஐஞ்சுக்கு, ‘பழசு’ மட்டும், அதே முதலாம் இடம். முதல் சுத்தில ஒண்டும் இல்லை. ரண்டாம் சுத்து, ரண்டு மணி கழிஞ்சு கொஞ்சத்தில ஒரு சிவப்பு வரி. பிறகு ரண்டு. பிறகு பதினொண்டு. எல்லாத்திலயும் முகவரி எண்டு இருக்கிற எண் கிட்டத்தட்ட ஒண்டுதான்.

இண்டைக்கு ‘பழசை’ ரண்டாம் இடத்தில போட்டன். ரண்டே காலுக்கு அதே சிவப்பு. றாமோட பிழை நகர்ந்திட்டுது. பிறகு ‘ஐப்பசி’யை அதே ரண்டாம் இடத்தில போட்டு நாலரை வரைக்கும் விட்டன், சுத்தம்.

நான் இவ்வளவு நாளும் மனசுக்குள்ள ஐப்பசியில வித்த பொடியனைத்தான் பேசிக்கொண்டிருந்தன். அவன் தந்தது நல்ல சாமான். கொம்பியூட்டரோட வந்ததுதான் பழுதாகியிருக்கு. அவனிட்டையே போய் அடுத்ததை வாங்கப்போறன்.

இப்ப 4 ஜிபியோடதான் ஓடுது. மெதுவா இருக்கு, ஆனா நேற்றுப் பின்னேரமும் இண்டைக்குப் பின்னேரமும் ஒண்டும் நடக்கேல்லை. வாங்கேக்க என்ன பாக்க வேணும்? ஸ்கான் கோப்புகளை என்ன செய்யிறது?


பரந்தன் வேர்க்‌ஷொப்
செவ்வாய், இரவு 10.30

தங்கச்சி, இருவது வருசமா இந்த வேலை செய்யிறன். மத்தியான வெயிலில சோதிக்க வேணும் எண்டது எனக்குத் தோன்றேல்லை. ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. என்னட்டை ‘பிழை பிடிபடேல்லை’ எண்டு ஒதுக்கி வைச்ச மெசின் ரண்டு கிடக்கு, நாளைக்கு வெளியில எடுக்கிறன்.

வாங்கேக்க: உங்கட மெசினுக்கு டிடிஆர்3 வகை றாம், மேசைக் கொம்பியூட்டருக்கு உரிய நீட்டுத் துண்டு, 240 கால். லப்டொப்பின்ர கட்டையானது பூட்டுப்படாது. இருக்கிற ‘ஐப்பசி’யில ஒட்டியிருக்கிற லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கோ, 1600 எண்டு இருந்தா 1600ஏ எடுங்கோ. ‘ஏ.எம்.டி.க்கு மட்டும்’ எண்டு மலிவா டிடிஆர்3 விக்குது, அது உங்கட இன்டெல் போட்டில வேலை செய்யாது. சேர்வரில கழட்டினதும் வேண்டாம். ஏலுமெண்டா ஒரு கிழமை மாத்தித் தருவன் எண்ட சொல்லோட வாங்கி, வாங்கின அண்டே மத்தியானம் மெம்ரெஸ்ற் போடுங்கோ.

போட்டோக்கொப்பி மெசினைத் திருப்பி வையுங்கோ. கொம்பியூட்டரை நிலத்தில இருந்து ஒரு கல்லு உயரத்துக்குத் தூக்கி, சுவரில இருந்து ஒரு கை தள்ளி. உள்ளுக்குக் கிடக்கிற புழுதியை புளோவரால ஊதேக்க விசிறியைச் சுத்த விடாமல் விரலால பிடிச்சுக்கொள்ளுங்கோ.

விண்டோசைப் பற்றி. பிழையான றாமோடதான் அந்தக் கடைக்காரர் ஃபோர்மற் பண்ணியிருக்கிறார். அப்ப விண்டோசின்ர சொந்தக் கோப்புகளே பிழையா எழுதுப்பட்டிருக்கலாம். நல்ல றாம் ரண்டும் பூட்டினாப் பிறகு கொமான்ட் புரொம்ற்றை அட்மினிஸ்றேற்றராத் திறந்து, அந்தக் கோப்புகளைச் சரிபாக்கிற ‘எஸ்எஃப்சி’ ஸ்கான் ஒண்டு போடுங்கோ. திருத்த ஏலேல்லை எண்டு சொன்னா மட்டும் திரும்ப விண்டோஸ் போடுவம்.

ஸ்கான் கோப்புகளுக்குக் குறுக்கு வழி இல்லை. நீலத் திரை தொடங்கின சித்திரையில இருந்து சேவ் பண்ணின எல்லாத்தையும் ஒவ்வொண்டாத் திறந்து கண்ணால பாக்க வேணும். கடைசிப் பக்கம் வரைக்கும்.


ஓய்வுபெற்ற ஆசிரியர் (வவுனியா)
புதன், விடிய 5.50

பிள்ளை, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தை மாதத்திலிருந்தே சூடு பட்டிருக்கிறது. நீலத் திரை வரத் தொடங்கியது சித்திரையில் என்பதற்காக அதற்கு முன் எழுதியவை சுத்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தையிலிருந்து பாருங்கள். அந்த அம்மாவின் கடிதத்தையும் ஒருமுறை திறந்து வாசியுங்கள்.


சந்திக்கடை (ஒட்டுசுட்டான்)
அடுத்த ஞாயிறு, இரவு 8.05

பொங்கல் அலுவல் முடிஞ்சு இப்பதான் இருந்து எழுத நேரம் வந்தது.

புது றாம் பூட்டி மூண்டு மத்தியானம் சோதிச்சாச்சு, சுத்தம். எஸ்எஃப்சி சில கோப்புகளைப் பிழையெண்டு கண்டு திருத்தினது. ரண்டாம் தரம் போட ஒண்டும் இல்லையெண்டு சொன்னது. போட்டோக்கொப்பி மெசின் இப்ப வாசலைப் பாத்து நிக்குது. கடைசியா நீலத் திரை வந்து ஒன்பது நாள்.

தையில இருந்து சேவ் பண்ணின ஸ்கான் 212. தங்கச்சியும் நானும் நாலு இரவு இருந்து ஒவ்வொண்டாப் பாத்தம். 209 சரி. ரண்டு திறக்குதே இல்லை. ஒண்டு திறக்குது, ஆனா மூண்டாம் பக்கம் பாதியில இருந்து கீழ சாம்பல் நிறம். அந்த மூண்டில ஒண்டு மாசி மாதம் சேவ் பண்ணினது. சேர் சொல்லாட்டி அதைப் பாத்திருக்கமாட்டன்.

ஆர் ஆற்றை பத்திரம் எண்டு கொப்பியில எழுதி வைச்சிருந்தபடியா மூண்டு பேருக்கும் போன் எடுத்தன். நல்லகாலம், மூண்டு பேரிட்டையும் மூலப்பத்திரம் கையில இருக்கு. ரண்டு பேர் வந்து திரும்ப ஸ்கான் பண்ணிக்கொண்டு போயிட்டினம். மற்றவர் கற்சிலைமடுவில இருக்கிற ஒரு ஐயா, வியாழக்கிழமை பஸ்ஸில கொண்டுவாறன் எண்டவர். காசு எடுக்கிறதா இல்லை.

அம்மாவின்ர கடிதத்தை வாசிச்சன். ஒரு எழுத்தும் பிழைக்கேல்லை. இன்னொரு கொப்பி அடிச்சு உறைக்குள்ள போட்டு வைச்சிருக்கிறன், அவ வரேக்க குடுக்க.